தாழ்ந்த காரும் வளர்ந்த சக்கரமும்

சாலையோரம் நிற்கும் ஏதேனும் ஒரு காரின் அருகே சென்று குனிந்து பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் 175/70 ஆர் 13 என்பது போல ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கும். இதில் 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டரும் அன்று, அங்குலமும் அன்று. அகலத்தில் 70 விழுக்காடு என்று பொருள். கடைசியில் உள்ள 13 என்பது டயர் மாட்டப்படும் இரும்பு ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று அளவு முறைகள்! என் மாணவர் எவரேனும் தேர்வுத் தாளில் இப்படி எழுதியிருந்தால் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

இந்தக் குறியை வைத்து வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுக் கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். வெளிநாட்டுப் படம் ஒன்றில் தரையைத் தொட்டுவிடும் போல் தாழ்த்தப்பட்ட சிறிய கார் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். "ஐயா, காரைத் தாழ்த்த வேண்டுமென்றால் சின்னச் சக்கரமாகப் போட்டால் போதுமே! ஆனால் அந்தக் காரில் சக்கரம் பெரிதாக அல்லவா இருந்தது?" என்றார். நல்ல கேள்வி. இதற்கு விடை இயற்பியலில் பாதி, வரலாற்றில் பாதி இருக்கிறது. வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

உயர்ந்து நின்ற காலம்

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு மாடல் டி காரின் பின் டயரில் 30 × 3½ என்று குறித்திருந்தார்கள். அக்காலக் குறியில் முதல் எண் டயரின் வெளி விட்டம். இரண்டாவது அதன் பருமன். இரண்டுமே அங்குலம். 30 அங்குலம் என்றால் 76 செ.மீ., நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத் தம்பி எனலாம். அன்றைய நாட்டுப்புறச் சாலைகள் சேறும் பள்ளமுமாக இருந்ததால் சக்கரம் பெரிதாக இருந்தே ஆக வேண்டும்.

ஏன் என்பதை எளிய கணக்கால் காணலாம். 5 செ.மீ. உயரமுள்ள ஒரு படியின் மேல் சக்கரம் ஏற வேண்டும் என்று கொள்வோம். படியின் விளிம்பைத் திருகுமையமாக வைத்துத் திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், 38 செ.மீ. ஆரமுள்ள மாடல் டி சக்கரத்தை ஏற்ற, அதன் மேலுள்ள எடையில் ஏறத்தாழ 0.57 பங்கு கிடைவிசை வேண்டும். ஆரம் 24 செ.மீ. ஆகக் குறைந்தால் அதே படிக்கு ஏறத்தாழ 0.77 பங்கு தேவை. அந்த விசைதான் அச்சுக்கும், அச்சிலிருந்து உங்கள் முதுகெலும்புக்கும் அதிர்ச்சியாகச் சென்று சேர்கிறது.

சாலைகள் சீராகச் சீராகச் சக்கரங்கள் மெல்லச் சிறுத்து வந்தன. 1948-இல் பிரிட்டனில் வெளிவந்த மாரிஸ் மைனர் காருக்கு 14 அங்குல ரிம் வைத்தபோது, அக்காலத்துக்கு அது மிகச் சிறியதாகத் தோன்றியது. அந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906-இல் ஸ்மிர்னா நகரில் (இன்றைய துருக்கியின் இஸ்மீர்) பிறந்து, இளவயதில் பிரிட்டனுக்கு வந்தவர். அவருக்கு அதுவும் போதவில்லை.

பத்து அங்குலப் பந்தயம்

1956-இல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் அடைபட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குமிழி போன்ற சிறு மூன்று சக்கர ஊர்திகள் தெருவெங்கும் தோன்றின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவற்றை விரட்டக்கூடிய முறையான ஒரு சிறிய காரை உருவாக்கும்படி 1957-இல் இசிகோனிஸிடம் ஒப்படைத்தார்.

இசிகோனிஸ் எடுத்துக்கொண்ட நீளம் 10 அடி. அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து முன்பக்கத்தில் இடத்தை மிச்சப்படுத்தினார். ஆனால் காருக்குள் இடத்தைத் தின்பது எஞ்சின் மட்டுமன்று. நான்கு சக்கரங்களும் அவை மேலும் கீழும் ஆடுவதற்கான கூடுகளுங்கூட இடத்தைத் தின்கின்றன. சக்கரம் சிறுத்தால் கூடு சிறுக்கும், கூடு சிறுத்தால் இருக்கை அகலும். எனவே டன்லப் நிறுவனத்தாரிடம் மிகச் சிறிய சக்கரம் கேட்டார். 8 அங்குலம் வரை இறங்க அவர் விரும்பியதாகவும், டயர்காரர்கள் பேசிப் பேசி 10-க்கு ஒப்புக்கொள்ளச் செய்ததாகவும் சொல்வார்கள். அவர் இரு கைகளையும் விரித்துக் காட்டினார், அருகிலிருந்தவர் அளந்து பார்த்தபோது 10 அங்குலம் இருந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. எது மெய்யாயினும், 1959 ஆகஸ்டு 26 அன்று வெளிவந்த மினி காரின் டயரில் 5.20-10 என்று பொறித்திருந்தது. நம் ஊரில் ஓடிய சேத்தக் ஸ்கூட்டரின் டயர் 3.50-10. ஸ்கூட்டரின் ரிம் விட்டமேதான் நான்கு பேர் செல்லும் காருக்கும்!

டயர்காரர்கள் தயங்கியதில் நியாயம் உண்டு. மினியின் சக்கரத்துக்கு வெளி விட்டம் ஏறத்தாழ 49 செ.மீ.; சுற்றளவு 1.53 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓட அது 655 முறை சுழல வேண்டும். மாடல் டி சக்கரத்துக்கு 418 சுற்றுகளே போதும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை தரையில் நசுங்கி மீள்கிறது. நசுங்கி மீளும்போதெல்லாம் வெப்பம் பிறக்கிறது. சுற்று அதிகமானால் தேய்மானமும் வெப்பமும் அதிகம்.

ஆனால் மினிக்கு உண்மையில் வந்த தொல்லை டயரிலிருந்து அன்று, டயருக்குள் இருந்த வெற்றிடத்திலிருந்து. பிரேக் அமைப்பு முழுவதும் ரிம்மின் உட்புறக் குழிக்குள்தான் அடங்க வேண்டும். 10 அங்குல ரிம்முக்குள் 7 அங்குல டிரம்மைத்தான் வைக்க முடிந்தது. 34 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது போதும். பந்தயக் கார் வல்லுநர் ஜான் கூப்பர் இந்தக் காரின் வேகத்தைக் கூட்ட முனைந்தபோது இந்த இடநெருக்கடி பெரிதாகத் தெரிந்தது. 1961-இல் வந்த மினி கூப்பரில் டிரம்மை எடுத்துவிட்டு 7 அங்குல டிஸ்க் வைத்தார்கள். 1963-இன் கூப்பர் எஸ் காரில் அது 7½ அங்குலம் ஆயிற்று. அந்தக் கார்தான் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. அதற்கு மேல் டிஸ்க்கை வளர்க்க ரிம் இடம் கொடுக்கவில்லை.

1974-இல் மினி 1275 ஜி.டி. காருக்கு 12 அங்குல ரிம் வந்தது, டிஸ்க் 8.4 அங்குலமாக வளர்ந்தது. 7 அங்குல டிஸ்க்கைவிட ஆரம் 20 விழுக்காடு அதிகம். அதே பிடிவிசைக்குத் திருப்புத்திறனும் அந்த அளவு கூடும். வெப்பத்தை வெளியேற்றும் பரப்போ இருமடி விகிதத்தில் 44 விழுக்காடு கூடும். 1984-இல் எல்லா மினிகளுக்கும் இந்த ஏற்பாடே நிலைத்தது. டயர் 145/70 ஆர் 12. மாருதி 800 ஓட்டியவர்களுக்கு இந்த எண் பழக்கமானதாகத் தோன்றும். அதிலும் இதே அளவுதான்.

ஆக, என் மாணவர் சொன்ன வழி, சக்கரத்தைச் சிறிதாக்கும் வழி, நிஜமாகவே முயன்று பார்க்கப்பட்டது. பிரேக்குக்கு இடமில்லாமல் அது முட்டி நின்றது.

மூன்று அளவுகள் சேர்ந்த விதம்

இங்கே சற்று விலகி, பக்கச்சுவர்க் குறியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மேலே செல்ல முடியாது.

5.20-10 போன்ற குறியில் பக்கச்சுவரின் உயரம் எங்கே? இல்லை. பழைய டயர்களின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டமாக இருந்தது. அகலம் தெரிந்தால் உயரமும் தெரிந்த மாதிரிதான். இந்த நிலையை மாற்றியது பிரான்சின் மிஷெலின் நிறுவனம். டயருக்குள் இருக்கும் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துப் பின்னாமல், ஆரத்தின் போக்கில் நேராக இழுத்து, தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்றைச் சுற்றும் முறைக்கு 1946-இல் காப்புரிமை பெற்று, 1949-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதுவே ரேடியல் டயர். குறியில் உள்ள ஆர் என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. எஃகுப் பட்டை தரைப்பகுதியைத் தட்டையாகப் பிடித்து வைத்திருப்பதால், பக்கச்சுவரைக் குட்டையாக்கினாலும் டயர் உருக்குலையாது. அகலத்துக்கும் உயரத்துக்கும் இருந்த பழைய பிணைப்பு அறுந்தது. எனவே உயரத்தைத் தனியே குறிக்க வேண்டியதாயிற்று. அதுவே நடுவில் உள்ள விழுக்காடு.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில்தான் அளந்தார்கள். சிட்ரோயன் டி.எஸ். காரின் மிஷெலின் டயர் 165-400. ரிம்கூட 400 மி.மீ. ஆனால் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ரிம்கள் ஏற்கனவே அங்குல அளவில் இலட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பொருந்த வேண்டுமென்றால் புது டயரின் துளை அங்குலத்தில்தான் இருக்க முடியும். அகலம் பிரெஞ்சு, துளை ஆங்கிலம் என்ற கலப்புத் திருமணம் இப்படித்தான் நடந்தது. 1975-இல் மிஷெலின் டி.ஆர்.எக்ஸ். என்ற பெயரில் 390 மி.மீ. போன்ற ரிம்களோடு முழு மெட்ரிக் முறைக்கு மீண்டும் முயன்றது. ஃபோர்டு, பி.எம்.டபிள்யூ. போன்றவர்கள் சில கார்களில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த ரிம்முக்கு வேறு எவருடைய டயரும் பொருந்தாது. வாங்குவோர் அதை விரும்பவில்லை. முயற்சி மங்கிப் போயிற்று.

வோல்ஃப்ஸ்புர்க்கில் ஒரு திருட்டு வேலை

1974-இல் மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் என்ற சிறிய காரை வெளியிட்டது. 3.7 மீட்டர் நீளம், குறுக்காக வைத்த எஞ்சின், முன்சக்கர ஓட்டம். மினி காட்டிய வழிதான்; ஆனால் ரிம் 13 அங்குலம். சாதாரண வகையில் டயர் 155 ஆர் 13.

அதே ஆண்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் சிலர், மேலிடத்தின் ஆணை இல்லாமலே, வேலை நேரத்துக்குப் பிறகு கூடி இதை வேகக் காராக்கும் வேலையில் இறங்கினார்கள். அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் என்ற பொறியாளர் எழுதிய குறிப்பிலிருந்து இது தொடங்கியது. 1975-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1976-இல் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்று விற்பனைக்கு வந்தது. 110 குதிரைத்திறன், எடை 810 கிலோ அளவே. 5,000 கார்கள் விற்றால் போதும் என்று எண்ணினார்கள். அந்த முதல் தலைமுறையிலேயே நாலரை இலட்சத்துக்கு மேல் விற்றது.

நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: இந்தக் காரைச் சாதாரண கோல்ஃபைவிட ஏறத்தாழ 20 மி.மீ. தாழ்த்தினார்கள். ஆனால் சக்கரத்தைச் சிறிதாக்கித் தாழ்த்தவில்லை. சுருள்வில்லைக் குட்டையாக்கித் தாழ்த்தினார்கள். டயரை 175/70 ஆர் 13 ஆக மாற்றினார்கள். இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிம் விட்டம் 13 × 25.4 = 330 மி.மீ. பக்கச்சுவர் 175-இல் 70 விழுக்காடு, அதாவது 122.5 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, எனவே 245. மொத்த வெளி விட்டம் 575 மி.மீ. பழைய 155 ஆர் 13 டயரின் பக்கச்சுவரை 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதன் விட்டம் 578. மூன்றே மில்லிமீட்டர் வேறுபாடு!

1983-இல் இதே காரின் சிறப்பு வகை ஒன்றில் பிரெல்லி நிறுவனத்தின் 185/60 ஆர் 14 டயர் வந்தது. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது. காரும் உயர்ந்திருக்க வேண்டுமல்லவா? 356-உடன் 222-ஐக் கூட்டுங்கள். 578. பின்னர் ஆர்வலர்கள் 15 அங்குலத்துக்குப் போனபோது தேர்ந்தெடுத்தது 195/50 ஆர் 15. 381-உடன் 195. விடை 576.

மாணவர் கண்ட பெரிய சக்கரத்தின் மர்மம் இங்கே அவிழ்கிறது. சக்கரம் பெரிதாகவில்லை. இரும்பு வளர்ந்தது, அந்த அளவுக்கு ரப்பர் குட்டையாயிற்று. வெளி வட்டம் அசையவே இல்லை. அசையாததற்குக் காரணம் உண்டு. வேகமானி சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. வட்டம் மாறினால் அது பொய் சொல்லும். பல்சக்கர விகிதங்கள் அந்த வட்டத்துக்காகவே கணக்கிடப்பட்டவை. மட்கார்டுக்குள் உள்ள இடமும் அந்த வட்டத்துக்காகவே ஒதுக்கப்பட்டது. இந்த மூன்று டயர்களின் பக்கச்சுவரிலும் 82 என்ற ஒரே சுமைக் குறியீட்டு எண் உண்டு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று, உள்ளே அடைபட்ட காற்று. பக்கச்சுவர் குட்டையானபோது அகலம் கூடியதால், காற்றுக்குரிய கொள்ளிடம் பெரிதும் குறையாமல் இருக்கிறது.

இன்னும் ஓர் இயற்பியல் செய்தி. அகலமான டயர் தரையில் அதிகப் பரப்பைத் தொடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை, காற்றழுத்தம் சதுர செ.மீ.-க்கு 2 கிலோ என்றால், தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர செ.மீ.தான், டயர் குறுகலோ அகலமோ, பெரிய மாற்றமில்லை. மாறுவது அந்தப் பரப்பின் வடிவம். குறுகிய டயரில் அது நீண்டு கிடக்கும். அகன்ற டயரில் குட்டையாக, பக்கவாட்டில் விரிந்து இருக்கும். இந்த வடிவமும் குட்டையான பக்கச்சுவரின் விறைப்பும் சேர்ந்துதான் திருப்பங்களில் கார் உடனே பணிகிறது. மழைநீரில் மட்டும் குறுகிய டயரே நீரைக் கிழித்துக்கொண்டு நன்றாகப் போகும்.

தாழ்த்துவதால் கிடைப்பது எவ்வளவு?

1982-இல் ஆஸ்திரியாவின் வோர்த்தர்சே ஏரிக்கரையில் ஜி.டி.ஐ. உரிமையாளர்களின் முதல் கூட்டம் நடந்தது. ஆண்டுதோறும் அது பெருகியது; கார்கள் மேலும் மேலும் தாழ்ந்தன. 40 மி.மீ., 60 மி.மீ. என்று போட்டி. அழகைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்ல உரிமையில்லை. ஆனால் வேகத் திருப்பத்தில் பிடிப்புக் கூடும் என்ற வாதத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கார் திரும்பும்போது உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. 1,000 கிலோ எடை, தரையிலிருந்து ஈர்ப்பு மையம் 55 செ.மீ., இடவலச் சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ., பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.7 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மாறும் எடை 1000 × 0.7 × 55 ÷ 140 = 275 கிலோ. காரை 20 மி.மீ. தாழ்த்தினால் 265. லாபம் 10 கிலோ. 60 மி.மீ. தாழ்த்தினால் 245. இல்லாமலில்லை, ஆனால் இவ்வளவுதான்.

விலையோ பெரிது. கோல்ஃபின் முன்சக்கரம் மக்ஃபர்சன் தூண் என்ற அமைப்பில் தொங்குகிறது. மேலே ஷாக் அப்சார்பர் தூண். கீழே ஒரு கை, மெக்கானிக்குகள் லோயர் ஆர்ம் என்பது. அந்தக் கை உடலிலிருந்து சக்கரம் நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். காரின் உடல் பக்கவாட்டில் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது என்பதை அந்தச் சரிவுதான் தீர்மானிக்கிறது. காரை மிகத் தாழ்த்தினால் கை கிடையாகி, பிறகு மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது அந்தச் சாய்வு மையம் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் உடலைச் சாய்க்கும் நெம்புகோலின் கை. ஆக, தாழ்த்திய காரில் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. வில் அதே விறைப்பில் இருந்தால் கார் முன்பைவிட அதிகமாகச் சாயும்! அதைத் தடுக்க வில்லை மேலும் விறைப்பாக்க வேண்டும். மேலே எழும்ப மிஞ்சியிருக்கும் இடமோ 60 மி.மீ. குறைந்துவிட்டது. பள்ளத்தில் விழுந்தால் ரப்பர்த் தடையில் மோதும். குட்டைப் பக்கச்சுவரும் மெத்தென்று இல்லை. ரிம் வளைய வேண்டியதுதான்.

நான் ஜி.டி.ஐ.-யின் பொறியாளர்களை மெச்சுவது 20 மி.மீ.-இல் நிறுத்திக்கொண்டதற்காகத்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சென்டிமீட்டர்

டயர் அளவைச் சரியாகக் கணக்கிட்டவர்களும் தவறுவது இங்கேதான். இதில் உயிரே அடங்கியிருப்பதால் சற்றுப் பொறுமையாகக் கவனியுங்கள்.

ரிம்மின் விட்டமும் அகலமும் தவிர மூன்றாவது அளவு ஒன்று உண்டு. காரின் அச்சில் போல்ட் போட்டு முடுக்கும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. ஆஃப்செட் என்பார்கள். இது குறைந்தால் சக்கரம் வெளிப்புறமாகத் தள்ளி நிற்கும். மட்கார்டை நிறைத்து நிற்பது பார்வைக்கு மிடுக்காக இருக்கும் என்பதால் பலர் அதையே விரும்புவார்கள்.

கோல்ஃபின் பிரேக் குழாய்கள் இரண்டு தனிச் சுற்றுகளாக, மூலைவிட்டமாகப் பிரிக்கப்பட்டவை. இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு சுற்று. மற்ற இரண்டும் இன்னொரு சுற்று. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காரை நிறுத்தும். ஆனால் அப்போது ஒரே ஒரு முன்சக்கரம்தான் பிடிக்கும். இடது முன்சக்கரம் மட்டும் பிடித்தால் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுமே?

இதற்கு அவர்கள் கண்ட வழி மிக நுட்பமானது. சக்கரம் திரும்பும் அச்சை ஒரு கற்பனைக் கோடாகக் கீழே நீட்டினால், அது டயரின் நடுக்கோட்டுக்குச் சற்று வெளியே தரையைத் தொடும்படி அமைத்தார்கள். 1972-இன் ஆடி 80 காரிலும் இதே ஏற்பாடுதான். இடது சக்கரத்தைப் பிடிக்கும்போது தரை அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுவிசை திருப்பு அச்சின் உட்பக்கத்தில் விழுவதால், சக்கரம் தானாகவே வலப்பக்கம் சிறிது திரும்புகிறது. கார் இடது பக்கம் இழுக்க, சக்கரம் வலது பக்கம் திருப்ப, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து கார் நேராக நிற்கிறது. ஓட்டுபவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் அளவு மில்லிமீட்டரில் சொல்ல வேண்டிய சிறு தூரம். ஆஃப்செட் குறைந்த ரிம்மைப் போட்டு சக்கரத்தை 20 மி.மீ. வெளியே தள்ளினால், திருப்பு அச்சுக்கு உட்பக்கம் இருந்த டயரின் நடுக்கோடு வெளிப்பக்கம் போய்விடுகிறது. இப்போது இடது பிரேக் மட்டும் பிடித்தால் சக்கரமும் இடப்பக்கமே திரும்பும். ஈடுசெய்த விசை எதிரியோடு சேர்ந்துகொண்டது. அன்றாட ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. பிரேக் குழாய் ஒன்று வெடிக்கும் நாளில்தான் தெரியும். ஜெர்மனியில் இத்தகைய மாற்றங்களை ட்யூஃப் போன்ற சோதனை அமைப்பின் வல்லுநர் பார்த்துச் சான்றளித்து, வண்டியின் ஆவணத்தில் பதிய வேண்டும் என்ற விதியைச் சிலர் தொல்லையாகக் கருதுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தேர்வு செய்வது எப்படி?

நீங்களே ஒரு தாழ்த்திய சிறு காருக்குச் சக்கரம் பார்க்கிறீர்கள் என்று கொள்வோம். முதலில் தொழிற்சாலை கொடுத்த டயரின் வெளி விட்டத்தைக் கணக்கிடுங்கள். புதிய டயரின் விட்டம் அதற்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும். கோல்ஃபுக்கு 195/50 ஆர் 15 பதிலாக 195/45 ஆர் 15 போட்டால் என்ன? விட்டம் 556 ஆகிறது. கார் இன்னும் 10 மி.மீ. தாழும். வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 97 அளவே. அது போகட்டும்; சுமைக் குறியீடு 82-இலிருந்து 78-க்கு இறங்குகிறது, அதாவது ஒரு டயருக்கு 425 கிலோ. நால்வரும் பெட்டிகளும் ஏறிய காரில் அந்த 50 கிலோவைச் சும்மா விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. மறுபுறம் 205/60 ஆர் 15 போட்டால் விட்டம் 627. வேகமானி 100 காட்டும்போது கார் 109-இல் ஓடும். அதற்கு முன்பே டயர் மட்கார்டில் உரசி நின்றுவிடும்.

பிறகு ரிம்மின் அகலம் அந்த டயருக்கு உரியதா, உள்ளே பிரேக் தட்டாமல் சுழல்கிறதா, ஆஃப்செட் பழையதுதானா என்று பாருங்கள். கடைசியாக, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, வண்டியில் ஆட்களை ஏற்றி, வில் அமுங்கிய நிலையில் டயர் எதையும் தொடவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்துத் திருப்தியடைபவர்கள்தான் முதல் திருப்பத்திலேயே உரசல் ஓசை கேட்பவர்கள்.

மினியை நடுவழியில் விட்டுவிட்டேன். 1990-களின் பிற்பகுதியில், அது தன் கடைசி ஆண்டுகளில் இருந்தபோது, விரும்பியவர்களுக்கு 13 அங்குல ரிம்மும் 175/50 ஆர் 13 டயரும் கொடுத்தார்கள். கணக்குப் போடுங்கள்: 330-உடன் 175, 505 மி.மீ. அதற்கு முந்தைய 145/70 ஆர் 12 டயரின் விட்டம் 508. வட்டம் அதேதான். ஆனால் அந்த 13 அங்குல ரிம்முக்குள் எட்டிப் பார்த்தால், 12 அங்குலத்துக்குள் இருந்த அதே 8.4 அங்குல டிஸ்க்தான் இருந்தது. அதற்காக மட்கார்டின் ஓரத்தில் அகலமான பிளாஸ்டிக் வளைவுகள் வைக்க வேண்டியதாயிற்று, சவாரியும் கடினமாயிற்று. 2000 அக்டோபரில் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் கடைசி மினி வெளிவந்தபோது, இசிகோனிஸ் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்து அங்குலத்துக்கே இறங்கி வர மனமில்லாதிருந்த அவர் இந்தப் பதின்மூன்றைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ!